சாம்பல்தான்டா: தெலுங்கு ஆக்‌ஷன் படத்துக்குத் தமிழ் வாய் கொடுக்கும் வேலை

சட்டம் கைவிட்ட இடத்தில் தானே தண்டனை கொடுக்கக் கிளம்பும் நாயகனின் கதை தெலுங்கில் எப்போதும் ஓடும் சரக்கு. அப்படி ஒரு படம் தமிழ் டப்பிங்குக்கு வந்தால், வெளியே இருப்பவர்களுக்கு அது சுலபமான வேலையாகத் தெரியும். பாதிப் படம் சண்டை, மீதியில் நாலு பன்ச் டயலாக், பத்து நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். நடப்பது வேறு. காதல் படத்தில் ஒரு வசனம் சுமாராக அமைந்தால் காட்சி கொஞ்சம் சப்பென்று போகும், அவ்வளவுதான். இந்த வகைப் படத்தில் நாயகன் ஒரு ஆளைக் கொல்கிறான். கொல்வதற்கு முன் அந்த ஆள் யார் யாருக்கு என்ன செய்தான் என்று சொல்கிறான். அந்தப் பேச்சை நம்பினால்தான் பார்ப்பவர் நாயகன் பக்கம் நிற்பார். தமிழில் அந்தக் குற்றச்சாட்டு யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்ததுபோல ஒலித்தால், திரையில் மிஞ்சுவது அரிவாளும் ரத்தமும் மட்டும். பேச்சு பலமாக இருந்தால் அதே வெட்டு நியாயமாகப் படும். இவ்வளவு பாரத்தையும் டப்பிங் வசனகர்த்தாவும் மைக் முன் நிற்கும் கலைஞரும்தான் சுமக்கிறார்கள்.

இரண்டு மொழிக்கும் இந்த வகையில் கொடுக்கல் வாங்கல் பழையது. 2002இல் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கி விஜயகாந்த் நடித்த ‘ரமணா’, அடுத்த வருடமே வி.வி. விநாயக் இயக்கத்தில் சிரஞ்சீவி நடித்த ‘தாகூர்’ ஆனது. கல்லூரிப் பேராசிரியர், ஊழல் அதிகாரிகளின் பட்டியல், கடத்தல், தண்டனை என்று கதைக்கட்டு ஒன்றுதான். ஆனால் தமிழில் நாயகன் தூக்குமேடைக்குப் போகிறான், தெலுங்கில் சிறைத் தண்டனையோடு முடிகிறது. ரீமேக் செய்பவருக்கு முடிவையே மாற்றும் சுதந்திரம் உண்டு. டப்பிங்கில் ஒரு ஃப்ரேமைக்கூட நகர்த்த முடியாது. முகம், கை, வாய், வெட்டு எல்லாம் ஹைதராபாத்தில் முடிவானவை. நமக்கு விடப்பட்டது ஒலி மட்டும்.

முதலில் வரவேண்டிய சாமான்களைச் சரிபார்ப்பது. ரீல் ரீலாகப் பிரித்த படம், ஓரத்தில் டைம்கோட், அதாவது மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் காட்டும் எண், ஓடும்படி. வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றும் தனித்தனி டிராக்காக. பாட்டுகளின் குரலில்லாத டிராக். எழுத்துகள் ஏற்றப்படாத ஷாட்கள். தெலுங்கு வசனப் பிரதி, அதுவும் எடிட்டிங் முடிந்தபின் திருத்திய பிரதி. படப்பிடிப்புக்கு எழுதிய பிரதியை அனுப்பிவைப்பது சகஜம். அதை நம்பி எழுத உட்கார்ந்தால், நடிகர் ஸ்பாட்டில் சேர்த்துப் பேசிய வரிகள் எல்லாம் விட்டுப்போகும். கடைசியாக, தெலுங்குப் பிரதிக்குத் தணிக்கை வாரியம் கொடுத்த சான்றிதழும் வெட்டுப் பட்டியலும். இது எதற்கு என்று பின்னால் வரும்.

இதில் அதிகம் கழுத்தறுப்பது ஃப்ரேம் வேகம். தியேட்டர் படம் நொடிக்கு 24 ஃப்ரேம். எடிட்டிங் அறையிலிருந்து அவசரத்துக்கு அனுப்பும் வீடியோ சில சமயம் 25இல் இருக்கும், சில சமயம் 23.976இல் இருக்கும். 25 என்றால் ஒரு நிமிடப் படம் 57.6 நொடியில் ஓடிவிடும், வாய் தப்புவது அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 23.976தான் ஆபத்து. மணிக்கு 3.6 நொடி மட்டும் விலகும். இருபது நிமிட ரீலின் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும், கடைசி ஷாட்டில் ஒரு நொடிக்கு மேல் வாய் தள்ளிப் போயிருக்கும். ஒரு ரீல் முழுக்கப் பேசி முடித்தபிறகு இது தெரிந்தால் கலைஞர், ஸ்டுடியோ வாடகை, நாள் எல்லாம் வீண். அதனால் எந்த ரீல் வந்தாலும் அதன் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் தெலுங்கு ஒலியோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுத்து எஃபெக்ட்ஸ் டிராக். வசன டிராக்கை மூடிவிட்டுப் படம் முழுவதையும் ஒருமுறை ஓடவிட வேண்டும். யாராவது பேசும் இடத்தில் காலடிச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், துணி உரசல் எல்லாம் சட்டென்று செத்துப்போனால், அவை படப்பிடிப்பிலேயே வசனத்தோடு சேர்ந்து பதிவானவை என்று பொருள். வசனத்தை எடுத்ததும் அவையும் போய்விடும். அந்த டைம்கோட்களைக் குறித்து ஃபோலியில், அதாவது படத்தைப் பார்த்தபடி அந்தச் சத்தங்களை ஸ்டுடியோவில் செய்து பதிவு செய்யும் வேலையில், புதிதாகப் போட வேண்டும். விசாரணைக் காட்சிகளில் இது முக்கியம். கட்டிப் போடப்பட்ட ஆள் நாற்காலியில் முண்டும் சத்தம் இல்லாமல் நாயகன் மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அந்த அறையில் ஆளே இல்லாததுபோல இருக்கும்.

எழுதும் வேலைக்கு வருவோம். ஒலியை மூடிவிட்டு நடிகரின் வாயை மட்டும் பார்ப்பதுதான் முதல் படி. உதடு மூடும் இடங்களைக் குறிக்க வேண்டும், அதாவது ப, ம. கீழுதடு பல்லைத் தொடும் வ, ஃப. உதடு குவியும் உ, ஓ. வாய் விரியும் ஆ. க்ளோஸப்பில் இந்த நாலுக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். இடுப்பளவு ஷாட்டில் வரியின் தொடக்கமும் முடிவும் நடுவில் விடும் மூச்சும் பொருந்தினால் போதும். முதுகு காட்டும் ஷாட், முகமூடி, தூர ஷாட் என்றால் முழுச் சுதந்திரம். தெலுங்கில் சொல்லுக்கு இடமில்லாமல் விட்ட விஷயத்தை அங்கே நைசாகச் சேர்த்துவிடலாம், ஆனால் நடிகர் பேசாத நேரத்தில் தாடை அசையாததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒலி ஒரு ஃப்ரேம் முந்தினாலே கண் பிடித்துவிடும். இரண்டு மூன்று ஃப்ரேம் பிந்தினால் பொறுத்துக்கொள்ளும். இடி மின்னலில்கூட நாம் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறோம்.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். நாயகன் வில்லனின் சட்டையைப் பிடித்துச் சொல்கிறான்: ‘சம்பேஸ்தாரா’. கொன்றுவிடுவேன்டா என்பதுதான் பொருள். முகம் திரை முழுக்க இருக்கிறது. நாலு அசை. இரண்டாவது அசையில் உதடு இறுக்கமாக மூடித் திறக்கிறது. மூன்றாவதிலும் நாலாவதிலும் வாய் ஆவென்று விரிகிறது. கைக்கு வரும் முதல் வரி ‘கொன்னுடுவேன்டா’. உதடு மூட வேண்டிய இடத்தில் ‘னு’ வருகிறது, மூன்றாவது ஆகாரத்துக்கு ‘வே’ வருகிறது, முதல் அசையில் தேவையில்லாமல் வாய் குவிகிறது. திரையில் அவர் வேறெதோ சொல்கிறார் என்பது பச்சையாகத் தெரியும். ‘செத்தே போவடா’ என்றால் உதடு மூடுகிறது, ஆனால் ஓர் அசை தள்ளிப்போய் மூடுகிறது. ‘சாம்பல்தான்டா’ என்று போட்டுப் பாருங்கள். சாம், பல், தான், டா. நாலு அசை. ‘ம்ப’ அதே இடத்தில் மூடுகிறது. ‘ஸ்தா’வுக்கு ‘தான்’, ‘ரா’வுக்கு ‘டா’. தொடக்கத்துச் சகரம்கூடப் பொருந்துகிறது. பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, ஆனால் மிரட்டல் மிரட்டலாகவே இருக்கிறது, தமிழில் ஒருவன் கோபத்தில் சொல்லக்கூடிய சொல்லாகவும் இருக்கிறது. இந்த இரண்டும் கிடைத்தபின் அகராதிப் பொருளைத் துரத்த வேண்டியதில்லை.

எல்லா வரிக்கும் இப்படி அமைந்துவிடாது. ‘நீக்கு ப்ரதிகே அர்ஹத லேது’ என்று அடிக்கடி வரும். உயிரோடிருக்க உனக்குத் தகுதியில்லை என்று அர்த்தம். ‘நீ பூமிக்கே பாரம்டா’ என்பது தமிழில் நன்றாக விழும் சொல், எழுதியவுடன் மனதுக்குப் பிடித்துப்போகும். ஆனால் ‘பூமி’யிலும் ‘பாரம்’ என்பதிலும் சேர்த்து உதடு நாலு தடவை மூட வேண்டும், நடிகரின் வாயோ ‘ப்ர’வில் ஒரு தடவைதான் மூடுகிறது. ஷாட் தள்ளி இருந்தால் பூமியைப் போடலாம். நெருங்கி இருந்தால் ‘உனக்கு வாழத் தகுதியே இல்ல’ என்ற சாதாரண வரிதான் கைகொடுக்கும். ‘ப்ர’வில் உதடு சேர்வது கணநேரம், ‘வா’ அதைச் சமாளித்துவிடும். பிடித்த வரியை விட்டுக்கொடுக்க மனம் வராமல் க்ளோஸப்பில் திணிப்பது இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை.

நமக்குச் சாதகமான விஷயங்களும் உண்டு. தெலுங்கிலும் வினை கடைசியில்தான் வருகிறது. அதனால் நாயகன் மேசையில் ஃபைலை அடிக்கும் நொடியில் தெலுங்கில் எந்தச் சொல் விழுகிறதோ, தமிழிலும் பெரும்பாலும் அதே சொல்லை அங்கே கொண்டுவந்துவிடலாம். அடியும் சொல்லும் சேர்ந்து விழுவது உதட்டுப் பொருத்தத்தைவிடப் பெரிது. உதடு கொஞ்சம் தப்பினால் மன்னிப்பார்கள், விரல் நீட்டும்போது அந்த விரலுக்குச் சொல் இல்லாவிட்டால் பேச்சு பொம்மலாட்டமாகிவிடும். லஞ்சம், நியாயம், தர்மம், பயம், பலம் என்று இந்தப் படங்களின் முதுகெலும்பான சொற்கள் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ‘ப்ரஜலு’வுக்கு ‘மக்கள்’ போட்டால் முதல் எழுத்திலேயே உதடு மூடிக்கொள்கிறது. அதே சமயம் ‘அவசரம்’ போன்ற சொல் கவிழ்த்துவிடும். தெலுங்கில் அது தேவை. ‘நீ அவசரம் நாக்கு லேது’ என்பதை வாய்க்குப் பொருந்துகிறதே என்று அப்படியே தூக்கி வைத்தால் அர்த்தமே மாறிப்போகும்.

தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிபவை, வரியின் கடைசியில் வாய் திறந்தே இருக்கும். ‘பதி லக்ஷலு’ என்று வாய் திறந்து முடிக்கும் நடிகருக்கு ‘பத்து லட்சம்’ என்று எழுதி, கலைஞரும் மைக் முன் மகரத்தை அழுத்தி உச்சரித்தால், திறந்த வாயிலிருந்து மூடிய சத்தம் வரும். ‘பத்து லட்ச ரூபா’ என்று எழுதலாம். அல்லது கலைஞரை வீட்டில் பேசுவதுபோலப் பேசச் சொல்லலாம். பேச்சுத் தமிழில் கடைசி மகரம் உதடு சேராமல் மூக்கு வழியாகத்தான் போகிறது. எழுத்துத் தமிழ் வாடை அடிக்காத பேச்சே லிப் சிங்க்குக்கும் உதவுகிறது என்பது இந்த வேலை தரும் நிறைவுகளில் ஒன்று.

மரியாதைச் சொற்களில் கவனம் பிசகினால் காட்சியின் முதுகெலும்பே போய்விடும். தெலுங்கில் நாயகன் அதிகாரியிடம் போகும்போது ‘மீரு’ என்றும் ‘காரு’ என்றும் ‘சார்’ என்றும்தான் தொடங்குவான். மனு கொடுப்பான், காத்திருப்பான். லஞ்சம் கேட்கப்பட்ட பிறகு ஒரு கட்டத்தில் ‘நுவ்வு’ வரும். கடைசியில், ஆள் கையில் சிக்கிய பிறகுதான் ‘ரா’ வரும். படத்தின் கோபம் ஏறுவதே இந்தப் படிகளில்தான். தமிழில் இதை ‘நீங்க’, ‘நீ’, ‘டா’ என்று அதே அதே இடத்தில் ஏற்ற வேண்டும். மாஸாக இருக்கட்டும் என்று முதல் சந்திப்பிலேயே ‘டா’ போட்டுவிட்டால், ஏறுவதற்குப் படியே இல்லாமல் போய்விடும். உறவுமுறையிலும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. ‘பாவா’ என்பவர் அக்கா கணவராக இருந்தால் ‘மாமா’, முறைப்பையனாக இருந்தால் ‘மாமா’வோ ‘அத்தானோ’, ஒத்த வயது ஆண்களுக்குள் என்றால் ‘மச்சான்’. சின்னப் பெண்ணைப் பாசமாகத் ‘தல்லீ’ என்று கூப்பிட்டால் ‘தாயீ’ நன்றாக உட்காரும். ‘பெத்தாயனா’வுக்குப் ‘பெரியவரே’. ‘வதினா’ அண்ணி. இவற்றை எல்லாம் முதல் நாளே ஒரு தாளில் எழுதி, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு பேர் ரீலைப் பிரித்துக்கொண்டு எழுதும்போது மூன்றாம் ரீலில் மாமாவாக இருந்தவர் ஐந்தாம் ரீலில் அத்தானாகிவிடுவது பலமுறை திரைக்கே போயிருக்கிறது.

ஊரை மாற்றலாமா என்ற கேள்வி ஒவ்வொரு படத்திலும் எழும். விஜயவாடாவை மதுரையாக்கி, வில்லன் ரெட்டியை வேறு பெயராக்கி விடுவது ஒரு காலத்துப் பழக்கம். எங்கள் கருத்தில் அது கூடவே கூடாது. பின்னால் ஆர்.டி.சி. பஸ் போகிறது, கடைப் பலகை தெலுங்கில் இருக்கிறது, காரின் எண் பலகையில் ஏ.பி. என்றோ டி.எஸ். என்றோ இருக்கிறது. 2024 மார்ச்சுக்குப் பிறகு பதிவான தெலங்கானா வண்டி என்றால் டி.ஜி. இத்தனைக்கும் நடுவே ஒருவர் ‘இது மதுரைடா’ என்றால், அவர் அடுத்துச் சொல்லப்போகும் ஊழல் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். கதை ஆந்திராவிலேயே நடக்கட்டும். தமிழ்ப் பார்வையாளருக்குக் கடப்பா தெரியும், கர்னூல் தெரியும், ராயலசீமா ஃபேக்‌ஷன் என்றால் என்னவென்றும் தெரியும்.

அலுவலகச் சொற்களை மட்டும் நமக்குப் புரியும்படி மாற்றலாம். எம்.ஆர்.ஓ. என்றால் தாசில்தார். சர்பஞ்ச் என்றால் பஞ்சாயத்துத் தலைவர். ஏ.சி.பி. ரெய்டு என்பதை அப்படியே விட்டால் நம் காதில் அது போலீஸ் உதவி கமிஷனராகத்தான் விழும், ‘லஞ்ச ஒழிப்புத் துறை’ என்று எழுத வேண்டும். சொல் நீளம் இடிக்கும், முகம் காட்டாத ஷாட்டாகப் பார்த்து அதை வைக்க வேண்டும். ஆர்.டி.ஓ., கலெக்டர், எஸ்.ஐ. எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆஸ்பத்திரிக் காட்சியில் ‘ஆரோக்யஸ்ரீ கார்டு’ வரும். அதைத் தமிழ்நாட்டுத் திட்டத்தின் பெயராக மாற்றாமல் ‘காப்பீட்டு அட்டை’ என்றால் போதும். கதையும் ஆந்திராவிலேயே நிற்கும்.

வட்டார வழக்கு இதைவிடச் சிக்கல். தெலங்கானாக்காரர் ‘ஏந்தி’, ‘கட்ல’ என்பார், கோதாவரிப் பக்கத்தவர் ‘ஆய்’, ‘அண்டி’ என்று இழுப்பார், ராயலசீமாக்காரர் ‘அப்பா’, ‘அப்பி’ என்று முடிப்பார். உடனே ஒருவருக்கு மதுரை, ஒருவருக்குக் கோவை, ஒருவருக்கு நெல்லை என்று பங்கு போடத் தோன்றும். செய்தால் சிரிப்புதான் வரும், கோதாவரிக் கரையில் நின்று ‘ஏனுங்க’ என்பார்கள். பேச்சின் வேகத்தையும் அழுத்தத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ராயலசீமாக்காரருக்குக் குட்டை வரிகள், தாழ்ந்த குரல். கோதாவரிக்காரருக்கு நீட்டல், சிரிப்பு கலந்த மரியாதை.

இந்த வகைப் படங்களில் இன்னொரு கஷ்டம், கவிதை. அநியாயத்தைப் பொறுக்காத தெலுங்கு நாயகனுக்கு வாயில் வருபவர் தெலுங்குக் கவிஞர் ஸ்ரீஸ்ரீ. ‘தாகூர்’ படத்தில் அவருடைய வரியை எடுத்து வளர்த்து எழுதிய ‘நேனு சைதம்’ பாட்டுக்காகத்தான் சுத்தால அசோக் தேஜா தேசிய விருது வாங்கினார். தெலுங்கு தியேட்டரில் முதல் இரண்டு சொல் வந்ததுமே கைதட்டல் எழும், அது பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த வரி. தமிழாக்கினால் பொருள் வரும், அந்த நினைவு வராது. பாரதியை வைத்து ஈடுகட்டலாம் என்பார்கள். நாயகன் தமிழனாக இல்லாதபோது பாரதியை அவன் வாயில் வைப்பதைவிட, ஸ்ரீஸ்ரீயின் கருத்தைச் சந்தத்தோடு நாலு வரிப் புதுத் தமிழாக எழுதுவதே நேர்மை. அதற்குப் பாடலாசிரியரைத்தான் கேட்க வேண்டும், வசனகர்த்தா கைவைக்கக் கூடாது.

பதிவுக்கு வந்தால், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிரச்சினை தூரத்தில். தணிந்த குரல் க்ளோஸப்புக்கு மைக்கிலிருந்து ஒரு சாண். கத்தும் வரிகளுக்கு இரண்டு மூன்று அடி பின்னால் போய், இன்ஜினியர் கெயினை, அதாவது மைக் உள்வாங்கும் அளவை, குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் நின்று கத்தச் சொல்லிவிட்டு, உரத்த ஒலியை அடக்கும் கம்ப்ரஸரை நம்பினால், கத்தல் கத்தலாக இல்லாமல் நசுங்கி வரும். சின்ன அறையில் உரக்கக் கத்தினால் சுவர் பதில் சொல்லும், வெட்டவெளிக் காட்சிக்கு அந்த டப்பா ஒலி சேரவே சேராது. கலைஞரின் முதுகுப் பக்கமும் பக்கவாட்டிலும் கனமான கம்பளி தொங்கவிட்டால் பாதி சரியாகும். மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே எதுவும் பார்க்க முடியாது.

சண்டைச் சத்தங்களைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். அடிப்பது, அடிவாங்குவது, தூக்குவது, எறிவது, விழுவது, கழுத்து இறுகுவது, மூச்சு வாங்குவது எல்லாம் வெவ்வேறு சத்தம். அடிப்பவர் மூச்சு அடி விழுவதற்கு ஓரிரு ஃப்ரேம் முன்னால் வெளியே வரும், வாங்குபவர் சத்தம் விழுந்த பிறகு வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் அடியில் பலம் இருக்காது. நேரம் மிச்சம் என்று ஹீரோவின் தெலுங்கு முனகல்களையே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். குரல் வேறு, முனகல் வேறு என்றால் சண்டைக்கு நடுவே ஆள் மாறியதுபோல இருக்கும். டப்பிங் கலைஞரையே முழுவதும் செய்யச் சொல்வதுதான் சரி. ஆனால் அதை அவருடைய கடைசி நாளின் கடைசி மணிகளுக்கு ஒதுக்க வேண்டும். காலையில் சண்டையைப் பேசவைத்துவிட்டு மதியம் அம்மா சாவு காட்சிக்கு அழைத்தால் தொண்டை ஒத்துழைக்காது.

நாயகன் பகலில் சாதுவாகவும் இரவில் வேட்டைக்காரனாகவும் இருக்கும் கதைகளில் இரண்டு குரல் கேட்பார்கள். இரவுக் குரலைக் கரகரப்பாக்கி அடித்தொண்டையில் பேசவைப்பது வழக்கம், பத்து வரிக்கு மேல் அது தாங்காது, எழுத்தும் புரியாது. ஒரே குரலில் வேகத்தையும் மூச்சையும் மாற்றினால் போதும். பகலில் வரிக்கு நடுவே தயக்கம், இரவில் தயக்கமே இல்லாமல். போனில் பேசும் மிரட்டல்களைச் சுத்தமாகவே பதிவு செய்துவிட்டு, 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிகட்டலை மிக்ஸிங்கில் போட வேண்டும். போன் குரல்தானே என்று போன் மாதிரியே பதிவு செய்துவிட்டால், பாதி வாக்கியத்தில் காட்சி பேசுபவர் முகத்துக்கு வெட்டும்போது மாட்டிக்கொள்வோம்.

அடுத்து மக்கள் பேச்சு. முதல் கொலைக்குப் பிறகு டிவி மைக் முன் ஆட்டோக்காரர், பூக்காரம்மா, மாணவர், ரிட்டயர்டு வாத்தியார் எல்லாரும் ‘செஞ்சது சரிதான்’ என்று மூன்று மூன்று நொடி பேசுவார்கள். நாயகனுக்கு ஊர் கொடுக்கும் தீர்ப்பு அது. செலவைக் குறைக்க இரண்டு கலைஞர்கள் குரலை மாற்றி மாற்றி அத்தனை பேருக்கும் பேசிவிடுவது நடக்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஊரே சேர்ந்து பேசியதாகத் தோன்றாது. இந்த ஒரு காட்சிக்காவது முகத்துக்கு ஒரு குரல் கேட்டு வாங்க வேண்டும். ஒத்திகை இல்லாமல், முதல் டேக்கிலேயே எடுப்பது நல்லது, கேமரா முன் பேசிப் பழகாதவரின் தடுமாற்றம் அதில்தான் கிடைக்கும். செய்தி வாசிப்பவருக்கு உண்மையில் செய்தி வாசித்த குரல் வேண்டும்.

திரையில் வரும் எழுத்துகளை மறந்துவிடுவார்கள். செய்தித்தாள் தலைப்பு, டிவி அடியில் ஓடும் வரி, பிணத்தின் மேல் விட்டுப்போகும் கடிதம் எல்லாம் இந்தப் படங்களில் கதை சொல்பவை. எழுத்தில்லாத ஷாட் கிடைத்திருந்தால் கிராஃபிக்ஸில் தமிழ் ஏற்றலாம். ஒன்றரை நொடி நிற்கும் தலைப்புக்கு மூன்று சொல்லுக்கு மேல் வைத்தால் படிக்க முடியாது. கேமரா முன்பே கை தெலுங்கில் எழுதும் ஷாட்டில் மாற்ற வழியில்லை. எழுதுபவர் குரலிலேயே அதைப் படிக்கவைத்துக் கீழே தமிழ் வரி போடுவதுதான் தீர்வு.

இனி உச்சக்கட்டப் பேச்சு. கோர்ட்டிலோ கேமரா முன்போ நாயகன் நாலைந்து நிமிடம் தனியாகப் பேசுவது. படம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். இதை வரி வரியாக வெட்டிப் பேசவைக்கக் கூடாது. வெட்டி எடுத்தால் ஒவ்வொரு வரியும் புதுச் சக்தியோடு தொடங்கும், நாலாவது நிமிடத்தில் இருக்க வேண்டிய களைப்பு இருக்காது. மூச்சு எடுக்கும் இடங்களைத் தெலுங்கு நடிகரின் தோள் ஏறுவதை வைத்துப் பிரதியில் குறித்து, ஒரு நிமிடப் பகுதிகளாக எடுத்து, உதடு தப்பும் சொற்களை மட்டும் பிறகு தனியாகத் திருத்த வேண்டும். எழுதும்போது பெரிய சொற்களைக் குறைக்க வேண்டும். ‘சமுதாயம்’, ‘சீர்கேடு’, ‘வேரறுப்பேன்’ என்று மேடைத் தமிழ் தானாக வந்து விழும். ‘அந்தப் பொண்ணுக்குப் பிரசவ வலி. ஸ்ட்ரெச்சர் தள்ள முந்நூறு ரூபா கேட்டான்’ என்ற மாதிரி ஒரு வரி அவை எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கும். தெலுங்கிலேயே பெரிய சொற்கள் இருந்தால்? அப்போதும் காட்சியில் முன்பு காட்டிய ஒரு சம்பவத்தின் பொருளைத் தேடி எடுத்து உள்ளே வைக்க முடியும்.

சட்டப் பிரிவுகளில் ஒரு புதுக் கவனம் தேவைப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கு 302 இப்போது 103, மோசடிக்கு 420 இப்போது 318. கதை அதற்கு முந்தைய காலம் என்றால் 302 சரி. இன்றைய கதை என்றால் போலீஸ், வக்கீல் வாயில் 103 வர வேண்டும். பழைய காலக் கதையில் தெலுங்கில் ‘த்ரீ நாட் டூ’ என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் தமிழிலும் அப்படியே விடலாம், நம் ஊர் ஸ்டேஷனிலும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

தணிக்கை. டப்பிங் படத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், தெலுங்குச் சான்றிதழ் தமிழுக்குச் செல்லாது. மூலப் படத்தில் நீக்கிய காட்சி தமிழில் திரும்ப நுழையக் கூடாது என்பதால்தான் வெட்டுப் பட்டியலை முதலிலேயே கேட்பது. 2024 விதிகளின்படி யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ரத்தம் தெறிக்கும் படத்தைப் படத்தொகுப்பில் குறைக்க நமக்கு அதிகாரமில்லை, வசனத்தில் கூடுதலாகச் சேர்க்கும் கெட்ட வார்த்தையால் சான்றிதழ் மாறினால் அது முழுக்க நம் பொறுப்பு. தெலுங்கில் மியூட் செய்த இடத்தில் தமிழில் உதட்டுக்குப் பொருந்தும் சாதுவான சொல்லை வைத்துவிடலாம், காட்சி ஓட்டை இல்லாமல் இருக்கும். புகையிலை எச்சரிக்கையும் அதன் முன்னோட்டக் குறும்படமும் டப்பிங் மொழியில் இருந்தாக வேண்டும். தெலுங்கு எச்சரிக்கை ஓரத்தில் அப்படியே நிற்க, படம் வாரியத்துக்குப் போய்த் திரும்பி வருவது வெளியீட்டு வாரத்தில் பெரிய தலைவலி.

மிக்ஸிங்குக்கு முன் தமிழ் வசனத்தை மூடிவிட்டு, இசையையும் எஃபெக்ட்ஸையும் மட்டும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கூட்டச் சத்தத்தில் ‘பாபோய்’ என்ற ஓர் அலறல், பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியின் தெலுங்கு அறிவிப்பு, டீக்கடை ரேடியோ எல்லாம் இப்போதுதான் அகப்படும். ஊர் ஆந்திராதான் என்பதால் ஒலிபெருக்கி இருக்கலாம். ஆனால் நாயகனின் பெயரைச் சொல்லித் தெலுங்கில் கத்தும் கூட்டம் இருக்கக் கூடாது. ஆறேழு பேரை வைத்து, மைக்குக்கு அருகே ஒருமுறை, தள்ளி நின்று ஒருமுறை, முதுகைக் காட்டி ஒருமுறை என்று மூன்று அடுக்காகக் கத்தவைத்தால் ஒரு தெருவே திரண்டதுபோலக் கிடைக்கும்.

தெலுங்கு மிக்ஸில் இசை பொதுவாக ஓங்கியே இருக்கும். அங்கே நடிகரின் குரலுக்குப் பழகிய காது, பாதி கேட்டாலே மீதியைப் புரிந்துகொள்ளும். இங்கே குரலும் புதிது, வாயும் இரவல். படம் முழுக்க இசையைக் குறைக்கச் சொன்னால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சண்டையின் பலமும் போய்விடும். குற்றப் பட்டியலை நாயகன் சொல்லத் தொடங்கும் இடத்திலிருந்து கையை ஓங்கும் வரைக்கும் மட்டும் இசையை மூன்று நாலு டெசிபெல் இறக்கித் தரும்படி கேட்டு, உட்கார்ந்து, வாங்கிக்கொண்டு வர வேண்டும்.